பிரெஞ்சு–ஆங்கில இருமொழிப் பாடசாலை: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் பிரெஞ்சு கற்பித்துவரும் எனக்கு, வகுப்பு முடியும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடமிருந்து வரும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றுள் பலவற்றுக்கு விடை, பிரெஞ்சு–ஆங்கில இருமொழிப் பாடசாலைகளை யார், எதற்காகத் தொடங்கினார்கள் என்பதிலேயே இருக்கிறது. ஆகையால் கட்டணத்துக்கும் சேர்க்கைக்கும் முன்பாக வரலாற்றையும் நோக்கத்தையும் வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழிக்கு நெருக்கமாகவே விட்டிருக்கிறேன்.

இங்குள்ள சர்வதேசப் பாடசாலைகளிலும் பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்கிறதுதானே? இதில் என்ன வித்தியாசம்?

அங்கே பிரெஞ்சு ஒரு பாடம்; இருமொழிப் பாடசாலையில் பிரெஞ்சு பயிற்றுமொழி. கணிதத்தையோ வரலாற்றையோ பிரெஞ்சிலும், அறிவியலையோ இலக்கியத்தையோ ஆங்கிலத்திலும் படிப்பதே இருமொழிப் பாடசாலையின் அடிப்படை. சில பாடசாலைகள் வார நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்கின்றன. வேறு சில, பாலர் வகுப்பில் பெரும்பகுதியைப் பிரெஞ்சில் நடத்தி, வகுப்பு ஏற ஏற ஆங்கிலத்தின் பங்கைக் கூட்டுகின்றன. நமது அரச பாடசாலைகளில் ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கில மொழிமூலம் கற்பிக்கும் ஏற்பாடு 2000களின் தொடக்கத்தில் வந்ததை அறிந்தவர்களுக்கு இது விளங்குவதில் சிரமம் இராது.

வித்தியாசத்தைக் கண்ணால் காண விரும்பினால் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். பிரெஞ்சுப் பகுதிக்குரிய கொப்பியில் சேயெஸ் எனப்படும் கோடுகள் இருக்கும்: 8 மில்லிமீற்றர் சதுரங்கள், அவற்றுக்குள் 2 மில்லிமீற்றர் இடைவெளியில் மெல்லிய கிடைக்கோடுகள். எந்த எழுத்து எந்தக் கோடு வரை ஏற வேண்டும் என்பதற்குக்கூட விதி உண்டு. மூன்றரையை அங்கே 3,5 என்று காற்புள்ளி இட்டு எழுதும் பிள்ளை, அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியரிடம் 3.5 என்று புள்ளி வைக்கும். இரண்டு கல்வி மரபுகள் ஒரே புத்தகப்பைக்குள் இருக்கின்றன என்பதே இதன் பொருள். மொழி அதில் ஒரு பகுதி மட்டுமே.

இதை முதலில் யார் தொடங்கினார்கள்? பிரெஞ்சு அரசாங்கமா?

தனியொரு தொடக்கம் இல்லை. வெளிநாடுகளில் மதச்சார்பற்ற பிரெஞ்சுக் கல்வியைப் பரப்புவதற்காக 1902இல் பியேர் தெஷான் ‘மிஷன் லயிக் பிரான்சேஸ்’ என்ற அமைப்பை நிறுவினார். மடகஸ்காரில் கல்வித் துறைப் பொறுப்பில் இருந்தவர் அவர். எனவே இதன் வேரில் குடியேற்ற ஆட்சியின் நிழல் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் லண்டனுக்கு ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1915இல் அங்கே ஒரு பிரெஞ்சுப் பாடசாலை தொடங்கியது. சார்ல் து கோல் என்ற பெயரை இன்று தாங்கி நிற்பது அதுதான். நியூயோர்க்கின் பிரெஞ்சு லீசே 1935இல் வந்தது (லீசே என்பது மேல்நிலைப் பாடசாலை). இவை ஆங்கிலம் பேசும் நகரங்களில் நடந்த பிரெஞ்சுப் பாடசாலைகளே. சமநிலையில் இரு மொழிகள் என்ற எண்ணம் பின்னர்தான் வலுப்பெற்றது.

அந்த எண்ணத்துக்கு உரம் போட்டது இரண்டாம் உலகப் போர். நேட்டோ கூட்டுப்படைத் தலைமையகம் பாரிஸுக்கு அருகே இருந்த காலத்தில், பல நாட்டு அதிகாரிகளின் பிள்ளைகளை ஒரே வகுப்பில் அமர்த்த வேண்டிய கட்டாயம் ஏற்பட்டு, 1952இல் சான் ஜெர்மான் ஆன் லேயில் ஒரு பாடசாலை பிறந்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற சர்வதேச லீசே இதுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், போர்க்காலத்தில் லண்டனில் சுதந்திரப் பிரான்ஸ் இயக்கத்துக்காகப் பணிபுரிந்த ஜனீன் மனுவேல் பாரிஸில் ஓர் இருமொழிப் பாடசாலையைத் தொடங்கினார். பிரெஞ்சு–ஆங்கில இருமொழிக் கல்வியின் வழியே நாடுகளுக்கிடையில் புரிந்துணர்வை வளர்ப்பது என்று அவர் வகுத்த நோக்கம் இன்றும் அந்தப் பாடசாலையின் நோக்கமாகவே இருக்கிறது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. போரை அருகிலிருந்து பார்த்த ஒருவர், அடுத்த போரைத் தடுக்கும் வேலையை ஐந்து வயதுப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம் என்று நம்பியிருக்கிறார்.

அத்திலாந்திக்கின் மறுகரையில் பெற்றோரே முன்வந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பிரெஞ்சு–அமெரிக்க இருமொழிப் பாடசாலை 1962இல் உருவானது. மொன்றியலை அடுத்த சென் லம்பேர் என்ற ஊரில், தங்கள் பிள்ளைகள் பிரெஞ்சு பேசும் அயலவருடன் சரளமாகப் பழக முடியவில்லையே என்று கவலைப்பட்ட ஆங்கிலக் குடும்பங்கள் பாடசாலைச் சபையை விடாது வற்புறுத்தி, 1965இல் முழுக்கப் பிரெஞ்சில் நடக்கும் பாலர் வகுப்பைத் திறக்க வைத்தன. பிரெஞ்சு அரசு முறைப்படி உள்ளே வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்: 1981இல் அரச பாடசாலைகளில் சர்வதேசப் பிரிவுகள், 1990இல் வெளிநாட்டுப் பிரெஞ்சுப் பாடசாலைகளுக்கான முகாமை நிறுவனமான ஏ.ஈ.எஃப்.ஈ. அந்த நிறுவனத்தின் வலையமைப்பில் இன்று 130க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 600 பாடசாலைகள் இருக்கின்றன.

நோக்கம் என்று அவர்கள் எழுதிவைப்பது ஒன்று, உண்மையில் நடப்பது வேறொன்றா? எங்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சுக்காரராக்கப் பார்க்கிறார்களா?

எழுதிவைத்திருப்பதை முதலில் ஒழுங்காகப் படிப்போம். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதும், பிரெஞ்சு மொழிக்கும் பண்பாட்டுக்கும் உலகில் செல்வாக்குத் தேடுவதும் ஏ.ஈ.எஃப்.ஈ.யின் கடமைகள் என்று பிரெஞ்சுச் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த நிறுவனம் வெளிவிவகார அமைச்சின் கீழ் இயங்குவதும் தற்செயல் அல்ல. ஆகவே ஒரு நாட்டின் நலன் இதில் இருக்கிறது. கொழும்பில் பிரித்தானியப் பாடத்திட்டத்தில் நடக்கும் பாடசாலைகளில் தேம்ஸ் நதியைப் பற்றி மகாவலியைவிட அதிகம் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அதிர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை.

ஆயினும் அந்த வலையமைப்பின் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிரெஞ்சுக் குடியுரிமை அற்றவர்கள். அவர்களுடைய பெற்றோர் பாடசாலையைத் தம் தேவைக்குப் பயன்படுத்துகிறார்கள். ஜனீன் மனுவேல் வழிவந்த தனியார் பாடசாலைகளின் நோக்கமோ, முன்னர் சொன்னபடி, அரச செல்வாக்கைச் சார்ந்ததல்ல. நீங்கள் பார்க்கும் பாடசாலை இந்த மரபுகளில் எதிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதன் நோக்கவுரையில் உள்ள அழகான சொற்களுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

தமிழருக்கு இது புதிய விஷயமா?

புதிதல்ல. புதுச்சேரியில் 1826இல் அரச கல்லூரி என்ற பெயரில் திறக்கப்பட்ட பாடசாலை, பிரெஞ்சு லீசே என்ற பெயரில் இன்றும் கடற்கரைக்கு அண்மையில் நடக்கிறது. 1954இல் ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறிய பின்னரும் அது மூடப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் படித்திருக்கிறார்கள். இலங்கையில் பிரெஞ்சுக்காரர் திருகோணமலைக்கு 1672இலும் 1782இலும் வந்து சொற்ப காலமே நின்றார்கள். பாடசாலை கட்டும் அளவுக்கு இருக்கவில்லை. இங்கே பிரெஞ்சு நிலைத்தது அலியோன்ஸ் பிரான்சேஸ் வகுப்புகளின் மூலமாகத்தான். கொழும்பில் அது பார்ன்ஸ் பிளேஸில் இருப்பது பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும்கூட உண்டு. ஆனால் அது மொழி கற்பிக்கும் நிறுவனம், பாடசாலைக்கு மாற்றாகாது.

நாங்கள் சைவம். அங்கே மதம் சொல்லித் தருவார்களா? திருநீறு பூசிக்கொண்டு போகலாமா?

பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் சமயபாடம் கிடையாது. அரச பாடசாலைகளை மதத்திலிருந்து பிரிக்கும் சட்டங்கள் பிரான்சில் 1880களில் தொடங்கின. அரசையும் தேவாலயத்தையும் பிரித்த சட்டம் 1905இல் வந்தது. சாதாரண தரம் வரை சமயம் கட்டாயபாடமாக இருக்கும் நமது முறைக்கு இது நேர்மாறு. வரலாற்றுப் பாடத்தில் மதங்களைப் பற்றிப் படிப்பார்கள். தேவாரம் பாட யாரும் கற்பிக்க மாட்டார்கள். அதற்கு ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலைதான் வழி. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மிஷனரிப் பாடசாலைகளில் காலை ஜெபத்தின்போது என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற தலைமுறையில் பலர் இதை நிம்மதியாகவே பார்க்கிறார்கள்.

வெளிப்படையாகத் தெரியும் மதச் சின்னங்களைத் தடுக்கும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் உள்ள அரச பாடசாலைகளுக்கானது. வெளிநாட்டில் ஒவ்வொரு பாடசாலையும் தன் உள்விதிகளை வகுத்துக்கொள்கிறது. திருநீறு, பொட்டு, பூநூல் பற்றிச் சேர்க்கைக்கு முன்பே அதிபரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்று மொழி என்றால் பிள்ளை குழம்பிப்போகாதா? தமிழ் மறந்துபோகுமா?

முதல் அச்சம் வீண், இரண்டாவது நியாயமானது. மேலே குறிப்பிட்ட சென் லம்பேர் வகுப்பை மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லம்பேர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். பிரெஞ்சில் படித்த ஆங்கிலப் பிள்ளைகள் சில ஆண்டுகளில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் மற்ற பிள்ளைகளுக்கு இணையாக நின்றார்கள். பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் விளங்குவதில் வெகுவாக முன்னேறினார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் தாய்மொழியாளருக்குச் சற்றுப் பின்னே நின்றார்கள்.

இந்த ஆய்வைப் பாடசாலைகள் தம் அறிமுக ஏடுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டுவதுண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டுமொழி ஆங்கிலம் என்பதையும், வாசலைத் தாண்டினால் கனடா முழுவதும் அதற்குத் துணை இருந்தது என்பதையும் அங்கே யாரும் விரித்துச் சொல்வதில்லை. வீட்டுமொழிக்கு வெளியில் மதிப்பும் துணையும் இருந்தால் புதிய மொழி அதனுடன் சேரும், இல்லாவிட்டால் புதியது வந்து பழையதைத் தள்ளிவிடும் என்று பின்னர் பிரித்துக் காட்டியவரும் அதே லம்பேர்ட்தான். வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளைக்குப் பாடசாலையின் இரண்டு மொழிகளும் வீட்டுக்கு வெளியே உள்ளவை. பேச்சுத் தமிழ் அம்மம்மாவிடம் தங்கிவிடும். எழுத்துத் தமிழை யாராவது பொறுப்பெடுத்துக் கற்பித்தால்தான் உண்டு. அந்தப் பொறுப்பை ஏற்க வீட்டில் ஒருவரும் இல்லையென்றால் இந்தப் பாடசாலையை நான் பரிந்துரைப்பதில்லை. தினமும் அரைமணி நேரம், நாளிதழிலிருந்து ஒரு பத்தியைப் பார்த்து எழுதுவதுகூடப் போதும்; விடாமல் நடக்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. வீட்டுப்பாடத்துக்கு யார் உதவுவது?

மூன்று வயதில் பாலர் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு இது பெரிய சிக்கல் அல்ல. பிரான்சில் 2019 முதல் கட்டாயக் கல்வியே மூன்று வயதில் தொடங்குகிறது. அந்த வகுப்புகளின் முதன்மையான வேலை பேச்சை வளர்ப்பது. சிக்கல் எட்டு, ஒன்பது வயதில் வரும்: கணிதக் கேள்வியின் கணக்கு விளங்கும், வசனம் விளங்காது. பெற்றோரில் ஒருவராவது அடிப்படை நிலை வரை பிரெஞ்சு படித்து வைத்திருந்தால் ஆசிரியரின் குறிப்பையாவது வாசிக்கலாம். அதற்கும் ரியூஷன் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிரெஞ்சில் கணிதம் சொல்லித் தரும் ரியூஷன் ஆசிரியரை இந்த நகரத்தில் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

முடிவில் என்ன சான்றிதழ் கிடைக்கும்?

பிரெஞ்சுக் கல்வி அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பாடசாலையில், பதினைந்து வயதளவில் ப்ரவே (நமது சாதாரண தரம் போன்றது), பதினெட்டு வயதளவில் பக்கலோரியா (பாடசாலை இறுதிப் பரீட்சை). பக்கலோரியாவை 1808இல் நெப்போலியன் ஆணையிட்டு ஏற்படுத்தினார். 2021இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி மொத்தப் புள்ளியில் 60 சதவீதம் இறுதிப் பரீட்சைகளுக்கும் 40 சதவீதம் தொடர் மதிப்பீட்டுக்கும் உரியது. கடைசி ஆண்டில் மெய்யியல் எல்லோருக்கும் கட்டாயம். நான்கு மணி நேரம் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டி எழுத வேண்டும். 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. 20க்கு 16 எடுத்தால் அங்கே ‘மிக நன்று’ என்ற சிறப்புநிலை. நமது முறையில் 80 புள்ளி என்று நினைத்து முகம் சுளிக்கும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இருமொழி மாணவருக்கென்றே பிரெஞ்சு சர்வதேச பக்கலோரியா உள்ளது. பக்கலோரியாவில் முன்பு இருந்த சர்வதேச விருப்பத்தேர்வின் இடத்தில் வந்த இதற்கு முதல் பரீட்சை 2024இல் நடந்தது. சில பாடசாலைகள் இதற்குப் பதிலாக ஜெனீவாவில் 1968இல் உருவான ஐ.பி. (இன்ரர்நஷனல் பக்கலோரியேற்) பட்டயத்தை நடத்துகின்றன. பக்கலோரியாவில் தமிழையும் ஒரு மொழிப்பாடமாக எழுத இடமிருந்து வந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். எழுத்துத் தமிழுக்காக எடுத்த சிரமம் அங்கே புள்ளியாகவும் திரும்பி வரலாம்.

இதைப் படித்துவிட்டுக் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களுக்குப் போகலாமா?

அந்த எண்ணம் இருந்தால் இந்தப் பாதையில் இறங்காதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் வைத்தே மாணவர்களைத் தெரிவு செய்கிறது. வெளிநாட்டுத் தகைமை உள்ளவர்களுக்கு இருப்பது தனியான, மிகக் குறுகிய வாசல்.

அண்ணன் மொன்றியலில், தங்கை பாரிஸில். நாங்களும் போவதற்கு இது உதவுமா?

குடிவரவுக்கு மட்டும் என்றால் இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஐரோப்பிய மொழிச் சட்டகம் பகுத்த ஆறு நிலைகளின்படி நடக்கும் டெல்ஃப் போன்ற பிரெஞ்சு மொழித்திறன் பரீட்சையை அலியோன்ஸ் பிரான்சேஸில் படித்தே எழுதலாம்; டெல்ஃப் சான்றிதழ் காலாவதியாவதில்லை. பிள்ளையோடு குடும்பமாகப் போவதென்றால் கதை வேறு. கியூபெக்கில் 1977ஆம் ஆண்டின் 101ஆம் இலக்கச் சட்டப்படி, புதிதாகக் குடியேறுவோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பாடசாலையிலேயே படிக்க வேண்டும். ஒன்றும் தெரியாமல் போய் வரவேற்பு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும், பிரெஞ்சில் பின்னம் படித்த பிள்ளைக்கும் உள்ள தூரத்தை பாரிஸின் லாச்சப்பலிலோ மொன்றியலிலோ உள்ள உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற வகுப்பில் படித்த பிள்ளை, பிரான்சின் அரச பாடசாலைக்கு நுழைவுத் தேர்வின்றி மாறலாம்.

அங்கீகாரம் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

பிரெஞ்சுக் கல்வி அமைச்சு பாடசாலை முழுவதற்கும் மொத்தமாக அங்கீகாரம் தருவதில்லை. வகுப்பு நிலைகளுக்குத் தனித்தனியாகத் தருகிறது, ஆண்டுதோறும் அரச இதழில் பட்டியலை வெளியிடுகிறது. பாலர் பிரிவுக்கு இருக்கும் அங்கீகாரம் மேல் வகுப்புகளுக்கும் இருக்கும் என்று கருதிக்கொள்ளாதீர்கள். ‘பிரெஞ்சுப் பாடத்திட்டத்தைத் தழுவியது’ என்ற வாசகத்துக்கு அங்கீகாரம் என்ற பொருள் இல்லை. அதோடு, இங்கே சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன என்பதால், இலங்கைக் கல்வி அமைச்சிடம் முறையிட்டு அதிகம் சாதிக்க முடியாது.

இருமொழி என்பது எவ்வளவு உண்மை என்று அறிய நேர அட்டவணையைக் கேளுங்கள்: எந்தப் பாடம், எந்த மொழியில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். பிறகு இடைவேளையின்போது மைதானத்து ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். பிள்ளைகள் சண்டை பிடிக்கும் மொழி ஆங்கிலம் மட்டும் என்றால், பிரெஞ்சு வகுப்பறைக் கதவோடு நின்றுவிடுகிறது என்று பொருள்.

கட்டணம்?

அதிகம். அதைவிட முக்கியம், எந்த நாணயத்தில் என்பது. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டியபோது, யூரோவிலோ டொலரிலோ கட்டணம் குறித்திருந்த பாடசாலைகளின் பெற்றோர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சு அரசின் பாடசாலை உதவித்தொகை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே.

மகள் இப்போது ஆறாம் தரம். இடையில் சேர்க்கலாமா? பிடிக்காவிட்டால் திரும்பி வரலாமா?

நமது ஆறாம் தரத்துக்கு நேரான வகுப்பை அவர்களும் ‘ஆறாவது’ என்றே அழைக்கிறார்கள். ஆனால் அதன்பின் அவர்கள் கீழ்நோக்கி எண்ணுகிறார்கள்: ஐந்தாவது, நான்காவது என்று இறங்கி, முதலாவதைக் கடந்து, ‘இறுதி’ வகுப்பில் முடியும். எட்டாம் தரத்துப் பிள்ளையை ‘நான்காவதில்’ போடுகிறோம் என்று சொன்னதும் கோபித்துக்கொண்டு எழுந்து போன தாய் ஒருவரை எனக்குத் தெரியும். யாரும் பிள்ளையைக் கீழே இறக்கவில்லை.

பதினொரு வயதில் பிரெஞ்சு தெரியாமல் சேர்வது முடியாததல்ல. முதல் ஆண்டு முழுவதும் மொழி ஆதரவு வகுப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பதின்மூன்றுக்கு மேல் நான் தயங்குவேன், ஏனெனில் ப்ரவேக்கு இரண்டே ஆண்டுதான் இருக்கும். திரும்பி வருவது, ஆங்கில மொழிமூலப் பாடசாலைக்கு என்றால் ஒப்பீட்டளவில் எளிது. தமிழ் மொழிமூலத்துக்கு என்றால், மேலே சொன்ன அரைமணி நேரம் வீட்டில் நடந்ததா என்பதைப் பொறுத்தது. அவர்களுடைய கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குவதால், மாறும்போது ஒரு தவணை இடையில் தொங்கும். விலகல் சான்றிதழையும் புள்ளி அறிக்கைகளையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு, பாடசாலை முத்திரை இட்டு, விடுமுறைக்கு அலுவலகம் மூடுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.